பன்னிரண்டு வயதில் ‘நோ’ சொல்லலாம்

“அன்ரி, நீங்கள் சைவ சமயமாய் இருக்கிறது விரும்பியோ... இல்லாட்டி ஒருத்தரும் உங்களைக் கேக்காததாலையோ?”

நாலு மாதத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு இந்தக் கேள்வி என் தலையில் விழுந்தது. கேட்டவளுக்கு வயது பதினொன்றே முக்கால். கண் பரிசோதிக்கும் கதிரையில் ஏறி, பொத்தானை அமுக்கி, மேலும் கீழுமாகப் போய்வந்துகொண்டே கேட்டாள். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி பூட்டிக்கொண்டிருந்தேன். திருகாணி தவறிக் கம்பளத்துக்குள் போய்விட்டது. அதைத் தேடுகிற சாட்டில் மேசைக்குக் கீழே போய் யோசித்தேன்.

யோசித்து என்ன... இருப்பது ஒரே பதில்.

“என்னை ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை.”

“என்னைக் கேக்கப்போகினம்,” என்றாள். “நான் நோ சொல்லப்போறன்.”

பேப்பரின் இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் வேலைத்தலம் பழக்கம். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சுருக்கம். கனடாவில், பாதர்ஸ்ற் வீதியின் வடக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடை. பின்னறையில் கண் பார்ப்பவர் மிரியம் — முதலாளி. முன்மேசையில் நான், பவா. வெக்ஸ்போர்ட்டில் இருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் பிடித்துப் பன்னிரண்டு வருடமாகப் போய்வருகிறேன். கதிரையில் ஏறியிருந்தவள் மிரியத்தின் மூத்த மகள் லேயா. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குத்தான் வருவாள்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். மிரியத்திடம் அனுமதியும் கேட்டேன். “எழுதும், எழுதும். பாதர்ஸ்ற் றோட்டிலை ஆர் தமிழ் வாசிக்கிறது?” என்றார்.

இன்னொன்று. மிரியம் வீட்டார் யூதர்கள். இந்தக் கதையில் வரும் யூதர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார்கள். அவர்கள் பேசியது இங்கிலிஷ். எனக்கு எழுத வருவது இதுதான்.

சரி... லேயாவை யார் கேட்கப்போகிறார்கள்? என்ன கேட்கப்போகிறார்கள்?

அதற்குப் பன்னிரண்டு வருடம் பின்னால் போகவேண்டும். நான் அந்தக் கடையில் சேர்ந்து ஆறு மாதம். மிரியத்துக்கும் அவருடைய கணவர் அலனுக்கும் — அலன் உயர்பள்ளியில் கணித ரீச்சர் — பிள்ளை இல்லை. ஐந்து வருடம் பார்த்தார்கள். பிறகு ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார்கள். மூன்று கிழமைக் குழந்தை. பெற்றவள் யாரோ ஒரு சின்ன வயதுப் பெண். யூதப் பெண் அல்ல. குழந்தையைக் கடைக்குக் கொண்டுவந்து என் மேசையில் படுத்தினார்கள். கண்ணாடிச் சட்டங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. எல்லாருக்கும் சந்தோஷம்.

அடுத்த கிழமை மிரியம் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். யூதக் கோயிலின் குருவை — றபாய் என்பார்கள் — பார்த்துவிட்டு வருகிறார்.

“என்ரை பிள்ளை யூதப் பிள்ளை இல்லையாம், பவா!”

அவர்களுடைய சட்டம் அப்படி. யூதத் தாய் பெற்றால் பிள்ளை யூதப் பிள்ளை. அதற்குப் பிறகு அது என்ன தின்றாலும், கோயில் பக்கமே போகாவிட்டாலும் யாரும் அந்தப் பட்டத்தைப் பறிக்க முடியாது. ஆனால் வேறொருத்தி பெற்ற பிள்ளை என்றால், முறைப்படி மதத்தில் சேர்க்கவேண்டும். மூன்று பேர் கொண்ட ஒரு சபை உட்காரும். பிள்ளையைச் சடங்குத் தண்ணீரில் முழுக்காட்ட வேண்டும்.

“நான் இண்டைக்குக் காலமையும் பேக்கன் சாப்பிட்டனான்,” என்று கத்தினார் மிரியம். பேக்கன் பன்றி இறைச்சி; யூதர்களுக்கு விலக்கு. “பக்கத்துக் கடையிலை, முட்டையோடை. நான் யூதப் பொம்பிளையாம். பால்போத்தலைத் தவிர ஒண்டும் அறியாத பிள்ளை... அது இல்லையாம்!”

எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. அப்போது என்னுடைய அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு அறை, மேசைக்கு அந்தப் பக்கம் ஆட்கள், இந்தப் பக்கம் நாங்கள், ‘நீ யார்’ என்று அவர்கள் தீர்மானிப்பது... எனக்கு இதில் என்ன புதுமை?

“கேஸ் போடுங்கோ,” என்றேன். “வேறை வழியில்லை.”

போட்டார்கள். துவாய் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று மிரியம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்று பேரும் தாடிக்காரர். நடுவில் இருந்தவர் வயதானவர்; கோட்டில் பிஸ்கட் தூள். வீட்டுச் சமையலறையில் பன்றி நுழையுமா, இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சமைப்பீர்களா, பிள்ளையை யூதப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீர்களா என்று தாய் தகப்பனிடம் கேட்டார்கள். மிரியம் பன்றியைக் கைவிடுவதாக வாக்குக் கொடுத்தார். குரல் கொஞ்சம் நடுங்கியது. பிள்ளைப் பாசமா பேக்கன் பாசமா என்று நான் கேட்கவில்லை.

பிறகு கீழ்த்தளத்தில் அந்தத் தண்ணீர்த்தொட்டி. நம்முடைய தீர்த்தக்கேணி மாதிரித்தான் — படி இருக்கிறது, நடுவில் ஆழம் இருக்கிறது. ஆனால் வெந்நீர். கனடா அல்லவா? மிரியம் ஒரு தொளதொளத்த அங்கியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பிள்ளையின் உடம்பு முழுவதும் தண்ணீர் படவேண்டும். அதற்காகத் தாய் ஒரு கணம் கையை விடவேண்டும். ஒரே ஒரு கணம்.

மிரியம் அமிழ்த்தினார், தூக்கினார். வாசலில் நின்ற பிஸ்கட் றபாய் தலையை ஆட்டினார்.

“கையை விடேல்லை. இன்னொருக்கால்.”

இரண்டாம் தரமும் அதே. விரல் ஒட்டிக்கொண்டிருந்ததாம். மூன்றாம் தரம் மிரியம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விட்டார். பிள்ளை வெளியே வந்து கட்டிடம் அதிரக் கத்தியது. மூன்று தாடிகளும் வாழ்த்துச் சொன்னார்கள். லேயாவின் கேஸ் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. என்னுடையது நாலு வருடம் இழுத்தது. துவாயைச் சுற்றும்போது அந்தப் பிள்ளைமேல் எனக்கு லேசான பொறாமை என்று இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

புறப்படும்போது கிழவர் ஒரு வார்த்தை சொன்னார். பிள்ளைக்கு அறிவு தெரியாத வயதில் அவளுக்காக மற்றவர்கள் எடுத்த முடிவு இது. பன்னிரண்டு வயது வரும்போது அவளைக் கேட்கவேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. சொன்னால் சொன்னதுதான்.

எல்லாரும் சிரித்தோம். பன்னிரண்டு வருடம் என்பது அப்போது அவ்வளவு தூரத்தில் இருந்தது!

வந்துவிட்டது, பாருங்கள்.

லேயா ‘நோ’ சொல்லப்போவதாகச் சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை, நான் அதைப் பகிடி என்றுதான் எடுத்தேன். அதனால் ஒரு பகிடி விட்டேன்.

“சும்மா நோ சொன்னால் உனக்கு என்ன லாபம்? முதல்லை ஏதும் கேட்டு வாங்கு.”

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கவேண்டிய தருணங்கள் என்று ஒரு புத்தகம் போடலாம். இது அதில் முதல் அத்தியாயம்.

வியாழக்கிழமை மிரியம் ஒரு தாளோடு வந்தார். வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்ததாம். தலைப்பு: ‘யெஸ் சொல்வதற்கான நிபந்தனைகள்’. ஒன்று, அறையில் தனி ரெலிபோன் லைன். இரண்டு, செலோ வாத்திய வகுப்பை நிறுத்துவது. மூன்று, காதில் இரண்டாவது துளை. நாலு, நாய்.

“ஆர் இவளுக்கு உதைச் சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார் மிரியம். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

நான் ஒரு கண்ணாடியைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த கண்ணாடி.

அலன் கணக்கு வாத்தியார் அல்லவா, பேரத்தில் இறங்கினார். செலோ நின்றது. ரெலிபோன் வந்தது. இரண்டாவது துளைக்கு அனுமதி. நாய் மட்டும் இல்லை. அலனுக்குத் தும்மல் வரும். ஒரு வெள்ளெலியோடு சமரசம். பிஸ்கட் றபாய்க்கு மிரியம் ரெலிபோன் எடுத்து முறையிட்டபோது அவர், “அந்தப் பட்டியலிலை எனக்கும் ஒரு கொப்பி அனுப்புங்கோ. என்ரை மனிசியிட்டை நானும் கொஞ்சம் கேக்கவேணும்,” என்றாராம்.

எல்லாம் நல்லாகத்தான் போனது. எலி வந்து இரண்டாம் நாள், சாப்பாட்டு மேசையில், “அப்ப யெஸ் தானே?” என்று அலன் கேட்டார்.

“நோ,” என்றாள் லேயா. “எலிக்கு தாங்க்ஸ்.”

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மிரியம் ஒருவருடைய இடக்கண்ணின் பவரை வலக்கண்ணுக்கு எழுதிவிட்டார். பன்னிரண்டு வருடத்தில் நடக்காத விஷயம். நல்லவேளை, நான் பிடித்துவிட்டேன். தாளை நீட்டியபோது அவர் அதைப் பார்க்கவில்லை.

“அவள் யூதத்தை விடுறாள் எண்டு அலன் நினைக்கிறார்,” என்றார். “இல்லை பவா. என்னை விடுறாள்.”

அன்று பின்னேரம் லேயா வந்தபோது, ‘நான் கேட்கக்கூடாது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடம் தாக்குப்பிடித்தேன்.

“எல்லாம் தந்தாச்சு. பிறகும் ஏன் பிள்ளை நோ?”

அவள் கதிரையை மேலே கீழே விடவில்லை. பிறகு, “அம்மாட்டைச் சொல்லமாட்டீங்களே?” என்றாள்.

“சொல்லமாட்டன்.”

“நயோமியை ஒருத்தரும் கேக்கமாட்டினம், அன்ரி.”

நயோமி அவளுடைய தங்கச்சி. ஐந்து வயது. லேயா வந்து ஏழு வருடத்துக்குப் பிறகு, ஊசியும் மருந்துமாக மிரியம் நாயாய் அலைந்து, தன் வயிற்றில் சுமந்து பெற்ற பிள்ளை. அந்த மருந்துகள் எங்கள் கடைக் குளிர்ப்பெட்டியில் என் சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

“அவ அம்மான்ரை வயித்திலை இருந்து வந்தவ. அதாலை கேக்கத் தேவையில்லை,” என்றாள் லேயா. “வீட்டுக்காரரிட்டை ஆரும் இருக்கப்போறியோ போகப்போறியோ எண்டு கேக்கிறேல்லை, அன்ரி. வந்து நிக்கிற ஆக்களிட்டைத்தான் கேக்கிறது. கேக்கிறபடியால்தான் நான் நோ சொல்லுறன். அவை சொல்ல முதல் நான் சொல்லுறன்.”

லன்ச்சுக்குக் கொண்டுபோன ரோல்ஸில் ஒன்று மிச்சம் இருந்தது. இறைச்சி ரோல்ஸ் — யூத முறைப்படி அறுத்தது அல்ல, அவள் சாப்பிடக்கூடாது. அதைக் கொடுக்கவும் முடியாமல் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேனா? கொடுத்தேன். அவள் வீட்டுப்பாடம் செய்ய முன்பக்கம் போனதும் பின்னறைக்குப் போய் மிரியத்திடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பட்டியல் போடச் சொன்னது நான்தான் என்பது உட்பட. அதற்குத் திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். மிரியம் அதைக் கவனிக்கவேயில்லை. நோயாளிகள் இருக்கிற கதிரையில் போய் இருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“நயோமியையும் தண்ணியிலை முக்கினாங்கள்,” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “அவவை நீங்கள்தானே பெத்தனீங்கள்?”

“பெத்தனான். முட்டை என்ரை இல்லை.”

மிரியத்துக்கு வயது அப்போது நாற்பதை நெருங்கிவிட்டது. அவருடைய கருமுட்டை சரிவராது என்று டொக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வேறொரு பெண் கொடுத்த முட்டையை அலனின் விந்தோடு சேர்த்து மிரியத்தின் வயிற்றில் வைத்தார்கள். அந்தப் பெண் யார், என்ன மதம், ஒன்றும் தெரியாது. யாருக்கும் சொல்லவில்லை. மிரியத்தின் சொந்தச் சகோதரிக்கும் தெரியாது.

இப்போது றபாய்களுக்கு வந்தது தலையிடி. இந்தப் பிள்ளைக்குத் தாய் யார்? ஒரு றபாய் சொன்னாராம், பெற்றவள்தான் தாய், பிள்ளை யூதப் பிள்ளை, போய் நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள் என்று. இன்னொருவர் சொன்னாராம், இல்லை, முட்டைக்காரிதான் தாய் என்று. இரண்டு பேரும் பழைய நூல்களைத்தான் காட்டினார்கள். அந்த நூல்களை எழுதியவர்களுக்கு இப்படி ஒரு வேலை மனுசர் செய்வார்கள் என்று கனவிலும் தெரிந்திருக்காது, பாவம். கடைசியில் பிஸ்கட் றபாயிடம் போனார்கள். அவர் தாடியைத் தடவினார். “எனக்குத் தெரியாது. எதுக்கும் முக்கிவிடுவம்,” என்றார். சந்தேகத்துக்கு ஒரு முழுக்கு. மூன்று மாதக் குழந்தையை ஒருத்தருக்கும் சொல்லாமல் கொண்டுபோய் முழுக்காட்டிவிட்டு வந்தார்கள். நயோமியையும் பன்னிரண்டு வயதில் கேட்கத்தான் போகிறார்கள்.

“இதை நான் லேயாவுக்குச் சொல்லவேணும்,” என்றார் மிரியம். “ஆனா இது நயோமியின்ரை கதை. அவளுக்குத் தெரிய முதல் அக்காவுக்குத் தெரியிறது நியாயமோ? நீர் என்ன சொல்லுறீர்?”

என்னிடம் ஆலோசனை! பட்டியல் விஷயத்துக்குப் பிறகும்!

“சொல்லாதைங்கோ,” என்றேன். சட்டென்று வந்தது. “உப்பிடியான கதையளைச் சொல்லக்கூடாது. தன்பாட்டிலை சரிவரும்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். போன கோடையில் பிக்கரிங்கில் ஒரு பிறந்தநாள் விழா. நம்முடைய ஆட்கள்தான். ஆறு வயதுப் பிள்ளை. கொழும்பில் இருந்து தத்தெடுத்துக்கொண்டு வந்தவர்கள். மண்டபத்தில் இருந்த இருநூறு பேருக்கும் அது தெரியும் — பிள்ளையைத் தவிர. யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? மூச்! நாங்கள் பண்பானவர்கள். கேக் வெட்டினார்கள், கைதட்டினோம், காசு உறை கொடுத்தோம். பிறகு எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அன்ரி கட்லற்றைக் கடித்தபடி என் காதுக்குள், “மூக்கைப் பாரும். ஆரின்ரை மூக்கு உது? என்ன ஆக்களின்ரையோ...” என்றார்.

‘என்ன ஆக்கள்’ என்றால் என்ன சாதி என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

அன்ரியைத் திட்டலாம். ஆனால் அவர் சொன்னதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி அந்தப் பிள்ளையின் மூக்கைப் பார்த்தேன். பார்த்தேன், ஐயா! பேப்பரில் பத்தி எழுதுகிறவள், முற்போக்குக் கூட்டங்களுக்குப் போகிறவள், ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் மூக்கைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். பிள்ளை மூக்கில் ஐசிங்கோடு என்னைப் பார்த்துச் சிரித்தது.

அந்த மூன்று தாடிக்காரர்கள் வாய் திறந்து கேட்டார்கள். சட்டம் இது, குறை இது, அதற்கு வழி இது என்றார்கள். முக்கி எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்று ஒருவரும் பேசக்கூடாதாம். பேசினால் பாவமாம். நம்மிடம் சட்டமும் இல்லை, சபையும் இல்லை, கேள்வியும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிற காலத்திலும் யாரோ ஒரு அன்ரி மூக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அதைக் கழுவ எந்த ஊர்த் தண்ணீர்?

மிரியம் என் ஆலோசனையைக் கேட்கவில்லை. கடவுளுக்கு நன்றி... யாருடைய கடவுளோ.

வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபட யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும்; அதற்கு முன் கடையைப் பூட்டிவிடுவோம். அன்றைக்கு நான் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது, “பவா, நீர் நில்லும். எனக்குப் பயமாய் இருக்கு,” என்றார் மிரியம். அலனும் வந்திருந்தார். நயோமியை அயல்வீட்டில் விட்டிருந்தார்கள்.

மிரியம் சுற்றி வளைக்கவில்லை. தண்ணீர், முட்டை, சண்டை பிடித்த றபாய்கள், எல்லாவற்றையும் லேயாவுக்குச் சொன்னார். இடையில் அலன் ஒரு தாளில் வட்டங்கள் போட்டு விளக்க வெளிக்கிட்டார். மிரியம் அந்தத் தாளைப் பறித்துக் கசக்கினார்.

லேயா கசங்கிய தாளை விரித்துப் பார்த்தாள். பிறகு, “நயோமிக்குத் தெரியுமோ?” என்றாள்.

“இல்லை. அவளுக்கு விளங்கிற வயசு வரேக்குள்ளை சொல்லுவன். உனக்கு முதல் சொல்லுறது பிழையோ தெரியாது. பிழையெண்டால் பிழை.”

“அவளையும் கேப்பினமோ?”

“ஓம்.”

“என்னிலை அவைக்குச் சந்தேகம் இல்லை. நான் பிறப்பிலை யூதப் பிள்ளை இல்லை எண்டு நிச்சயம். அவளிலைதான் சந்தேகம்,” என்றாள் லேயா. அவளுடைய உதடு ஒரு பக்கம் மெல்லக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. “அப்ப நான்தான் கிளியர் கேஸ்.”

அலன் சிரித்தார். மிரியம் சிரிக்கவில்லை.

“அம்மா, நான் நோ எண்டு சொன்னால் நான் ஆர்?”

இதற்குத்தான் எல்லாரும் பயந்துகொண்டிருந்தோம்.

“நோ எண்டால் றபாயின்ரை புத்தகத்திலை நீ யூதப் பிள்ளை இல்லை,” என்றார் மிரியம். “பள்ளிக்கூடம் மாறவேண்டி வரும். நீ விரும்பினால் பேக்கன் சாப்பிடலாம் — நான் பக்கத்திலை இருந்து மணந்துகொண்டு இருப்பன். அவ்வளவுதான். நீ என்ரை மகளோ எண்டு அந்த மூண்டு பேரும் கேக்கேல்லை. கேக்க அவைக்கு உரிமையும் இல்லை. அண்டைக்கு உன்னைத் தண்ணிக்குள்ளை விடச் சொன்னவை. மூண்டு தரம் சொல்லித்தான் விட்டனான். அதுவும் ஒரு செக்கன். அதுக்கு மேலை நான் விடுறதாய் இல்லை. நீ யெஸ் எண்டாலும் நோ எண்டாலும்.”

லேயா மேசையில் இருந்த கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து நேராக வைத்தாள். பிறகு, “பசிக்குது,” என்றாள்.

அவர்கள் காரில் ஏறினார்கள். நான் பஸ்ஸில் ஏறி, மூன்று தரிப்பு தாண்டும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்த சீன அம்மா எனக்கு ஒரு ரிஷ்யூ தந்தார்.

பிறந்தநாளுக்கு அடுத்த கிழமை சபை கூடியது. லேயா என்னையும் வரச் சொன்னாள். “வெளியாள் ஒராள் இருந்தால் அவை ஒழுங்காய்க் கதைப்பினம்,” என்று காரணம் சொன்னாள்.

மூன்று பேரில் இருவர் புதியவர்கள். நடுவில் அதே பிஸ்கட் றபாய். இன்னும் வயதாகி, இன்னும் சுருங்கி, காதில் கருவி மாட்டியிருந்தார். வலப்பக்கம் இருந்த இளைய றபாய் கண்டிப்பான ஆள். கையில் பேனையோடு தயாராக இருந்தார்.

கிழவர் விஷயத்தைச் சொன்னார். குழந்தையாக இருந்தபோது உன்னை எங்களிடம் கொண்டுவந்தார்கள், இப்போது உனக்கு விபரம் தெரியும், இருப்பாயா, வேண்டாமா? எந்தப் பதிலுக்கும் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

“முதல்லை நான் ஒண்டு கேக்கலாமோ?” என்றாள் லேயா. “உங்களை ஆரும் இப்பிடிக் கேட்டவையோ?”

இளையவர் பேனையைக் கீழே வைத்தார். கிழவர் காதுக் கருவியைத் திருகினார். கேள்வி திரும்பவும் வந்தது.

“இல்லை,” என்றார். “என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.”

“கேட்டிருந்தால்?”

கிழவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நான் மேசைக்குக் கீழே போய் யோசித்த மாதிரி இல்லை; எல்லாருக்கும் முன்னால், முகத்தை மறைக்காமல்.

“எங்களை — ஆம்பிளைப் பிள்ளையளை — எட்டாம் நாள் பிடிச்சு என்ன செய்யிறது எண்டு உனக்குத் தெரியும்தானே?” என்றார். “அண்டைக்கு என்னைக் கேட்டிருந்தால் நிச்சயமாய் நோ எண்டிருப்பன்!”

எட்டாம் நாள் என்றால் சுன்னத்து. அலன் வெடித்துச் சிரித்தார். இளைய றபாயும் சிரித்துவிட்டுப் பிறகு அது தான் இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

“இப்ப கேட்டால்?” லேயா விடவில்லை.

“இப்ப கேட்டால்...” கிழவரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. “என்ரை தாய் தேப்பனை, தமையன்மாரை, யூதர் எண்டதுக்காகத்தான் யுத்தத்திலை கொலைசெய்தவை. நான் சின்னப்பொடியன். ஒளிச்சிருந்து தப்பினனான். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலமை நானே என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். இண்டைக்கும் யெஸ் எண்டுதான் வந்தது. நாளைக்கு எழும்பிப் பாப்பம்.”

மிரியத்தின் கை என் கையைப் பிடித்திருந்தது. நான் அதைக் கவனித்ததே அப்போதுதான்.

“நானும் யெஸ்,” என்றாள் லேயா. “ஆனா என்ரை தங்கச்சியைக் கேக்கேக்குள்ளை நானும் அறைக்குள்ளை இருக்கவேணும். அவ தனிய இருக்கக்கூடாது.”

“அப்பிடி ஒரு முறை இல்லை,” என்று தொடங்கினார் இளையவர்.

“இருக்கட்டும்,” என்றார் கிழவர். “எழுதிவையும். அப்ப நான் உயிரோடை இருக்கமாட்டன். நீர்தான் இருப்பீர்.”

இளையவர் பேனையை எடுத்து எழுதிவைத்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் வீரம் வந்தது. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், வயது பதின்மூன்று. கணவருக்கு முன்னாலேயே கேட்டேன்.

“பிள்ளை, நாங்கள் உன்னை ஒருநாளும் கேக்கேல்லை. சைவ சமயத்திலை இருக்க உனக்கு விருப்பமோ?”

கணவர் கறிக் கரண்டியைக் கீழே வைத்தார். “இஞ்சரும், உமக்கென்ன விசரே? அவள் நோ எண்டால் என்ன செய்யிறது?”

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “கான் ஐ திங்க் அபவுட் இற்?” என்றாள்.

மூன்று கிழமையாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கோயிலுக்குத் தவறாமல் வருகிறாள் — வடை சூடாகக் கிடைக்கும்வரை எங்கள் மதத்துக்கு ஆபத்தில்லை.